குரைப்புக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வளர்ப்பு நாய்களை ஒரு விநோத நோய் பிடித்தது. சாதுவாகப் படுத்திருக்கும் நாய் திடீரென எழும். கண்கள் விரிய, எதையோ கண்டு மிரண்டதுபோல் கத்திக்கொண்டு தறிகெட்டு ஓடும். சுவரிலும் மேசையிலும் மோதும். வளர்த்தவர் கூப்பிட்டாலும் அடையாளம் தெரியாது. சில நேரம் வலிப்பு வந்து விழும். சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் எழுந்து நிற்கும். ‘நாய் ஹிஸ்டீரியா’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கிருமி என்றார்கள், குடற்புழு என்றார்கள், ஆளுக்கொரு வைத்தியம் பார்த்தார்கள்.

1946 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஊட்டச்சத்து ஆய்வாளர் சர் எட்வர்ட் மெல்லன்பி ஒரு கட்டுரை எழுதினார். குற்றவாளி, நாய்கள் தின்ற ரொட்டியிலும் பிஸ்கட்டிலும் இருந்த கோதுமை மாவு. மாவை வெளுப்பாக்க அந்நாளில் ஆலைகள் ‘ஏஜீன்’ என்ற நைட்ரஜன் டிரைகுளோரைடு வாயுவைச் செலுத்தின. அந்த மாவைத் தின்ற நாய்களுக்கு ஹிஸ்டீரியா வந்தது. வாயு படாத மாவைத் தின்ற நாய்களுக்கு வரவில்லை. வாயு பட்டதும் மாவின் புரதத்தில் உருவாகும் மெத்தியோனின் சல்ஃபாக்சிமின் என்ற பொருள்தான் மூளையைக் கலக்குகிறது என்று அடுத்த சில ஆண்டுகளில் கண்டுபிடித்தார்கள். மனிதர்களுக்கு அந்தப் பாதிப்பு நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் இரு நாடுகளும் 1950-களுக்குள் அந்த முறையைக் கைவிட்டன.

நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று கேட்டே பழகியவர்கள் நாம். ஓயாமல் குரைத்தால், தட்டுக்கு அருகே போனவரைக் கடித்தால், நாளெல்லாம் சுருண்டு கிடந்தால் ‘அதன் குணமே அப்படி’ என்று முடித்துவிடுவோம். ஆனால், குணம் என்று நாம் தள்ளிவிடும் பலவற்றில் தட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதேநேரம், நாய் உணவு விற்பவர்கள் பாக்கெட்டின் மேல் அச்சடிக்கும் அளவுக்குப் பெரிய பங்கும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உண்மை கிடக்கிறது.

ஓநாயிடமிருந்து பிரிந்த வயிறு

நாய் மாமிசப் பிராணி, அதற்குச் சோறு போடுவதே பாவம் என்ற பேச்சு இப்போது நாய் வளர்ப்போர் மத்தியில் பரவியிருக்கிறது. மரபணு வேறு கதை சொல்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்சல்சன் குழு 12 ஓநாய்களையும் 60 நாய்களையும் ஒப்பிட்டு 2013-இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டது. மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகத்தான் இருக்கிறது. நாயிடம் 4 முதல் 30 வரை. மனிதன் விவசாயம் செய்து குடியமர்ந்தபோது, அவன் எச்சிலையில் மிஞ்சிய தானியத்தைச் செரிக்கத் தெரிந்த நாய்களே பிழைத்துப் பெருகின. விவசாயம் எட்டாத பகுதிகளில் வாழ்ந்த ஹஸ்கி, டிங்கோ போன்றவற்றில் இந்தப் பிரதிகள் குறைவு.

ஆக, நாட்டு இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் நம் கரிசல் காட்டிலும் மலையடிவாரத்திலும் கூழும் சோறும் உண்டு வளர்ந்ததில் வியப்பில்லை. ஆனால், அந்த நாய்கள் கூழை மட்டும் நம்பியிருக்கவில்லை. முயலும் எலியும் அவற்றுக்குக் கிடைத்தன. நாள் முழுக்க ஓடவும் செய்தன. மாடிக் குடியிருப்பில் கட்டிப்போட்டிருக்கும் நாய்க்கு அந்தப் பழைய கணக்கு பொருந்தாது.

வயிறு மாறிய அளவுக்கு மூக்கு மாறவில்லை. கொல்கத்தா ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி) நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களுக்கு உணவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தது. சோற்றையும் ரொட்டியையும் தின்றே வாழும் அந்த நாய்கள், இறைச்சி வாசனை தூக்கலாக இருந்ததை நோக்கியே முதலில் போயின. கறிச்சாறு கலந்தால் வெறுஞ்சோற்றையும் நாய் வழித்து நக்கும். அதைப் பார்த்துச் சத்தான சாப்பாடு போட்டுவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

பால்சோற்றுக் கணக்கு

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் நாயின் சாப்பாடு பால்சோறு, தயிர்சோறு, அல்லது மிச்சம் மீதி. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 15 கிலோ எடையுள்ள, வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 850 கலோரி தேவை. அவ்வளவையும் சோற்றிலிருந்தே கொடுப்பதானால் ஏறத்தாழ 650 கிராம் சோறு போட வேண்டும். அதில் கிடைக்கும் புரதம் 17 கிராம் அளவுதான். அமெரிக்கத் தீவனத் தரநிலைப்படி அந்த நாய்க்குக் குறைந்தபட்சம் சுமார் 38 கிராம் வேண்டும். வயிறு நிறைகிறது, பாதித் தேவைகூட நிறையவில்லை.

மிச்சத்தைப் பால் ஈடுகட்டும் என்று நினைத்தால், அதிலும் சிக்கல். தாய்ப்பால் மறந்தபின் பல நாய்களுக்குப் பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. வயிற்றுப்போக்கு வருகிறது, ‘நாய்க்கு என்னவோ சரியில்லை’ என்கிறோம். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் அது ஓரளவு ஒத்துக்கொள்ளும். முட்டை ஒன்றுக்கு 6 கிராம் புரதம். தயிர்சோற்றோடு வேகவைத்த முட்டையோ, முள் நீக்கிய மத்தி மீனோ, கோழி ஈரலில் சிறு துண்டோ சேர்ந்தால் அதே தட்டின் தரம் ஏறிவிடும். ஈரலை மட்டும் அளவோடு தர வேண்டும். தினமும் அள்ளிப்போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிவிடும்.

சைவ வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: கறியே இல்லாமல் நாயை வளர்க்க முடியாதா? பூனையால் முடியாது. நாயால் முடியும், ஆனால் அளந்து வகுத்த உணவாக இருக்க வேண்டும். வெறும் தயிர்சோறு அந்த வகையில் சேராது.

எலும்பும் நாக்கும் சொன்ன பாடம்

உணவுக் குறை நாயை என்ன செய்யும் என்பதை அறிந்துதான் மனித மருத்துவமே பல இடங்களில் முன்னேறியது. ஹிஸ்டீரியா மர்மத்தைத் துலக்குவதற்கு முன்பே, முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இதே மெல்லன்பி லண்டனில் நாய்க்குட்டிகளை வீட்டுக்குள் வைத்து ஓட்ஸும் ரொட்டியும் கொடுத்து வளர்த்தார். குட்டிகளின் கால்கள் வளைந்தன; ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோய். காட் மீனின் ஈரல் எண்ணெய் கொடுத்தால் அது வராமல் தடுக்க முடிந்தது. வைட்டமின் டி கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது அங்கேதான். வெயிலில் விட்டால் போதும் என்று இதை இன்று படித்துவிடக் கூடாது. மனிதத் தோலைப்போல நாயின் தோல் வெயிலிலிருந்து தேவையான வைட்டமின் டியைத் தயாரித்துக்கொள்ளாது. மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல் என உணவிலிருந்துதான் வர வேண்டும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெல்லக்ரா என்ற சத்துக்குறை நோய் தாக்கியது. அதே மாதிரி உணவு கொடுத்தால் நாய்களுக்கு நாக்கு கறுத்து, புண்ணாகி, சாவு நேர்ந்தது. 1937-இல் விஸ்கான்சினில் கான்ராட் எல்வெஜெம் அந்தக் ‘கருநாக்கு’ நோயை நிக்கோடினிக் அமிலம் என்ற வைட்டமினால் குணமாக்கிக் காட்டினார். மனிதர்களின் பெல்லக்ராவுக்கும் மருந்து கிடைத்தது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தை எழுதியவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சி. கோபாலன். ஹைதராபாத்தில், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறிய ஆய்வுக்கூடத்தில் அவரும் சக ஆய்வாளர்களும், தக்காணத்தில் சோளம் உண்போருக்கு ஏன் பெல்லக்ரா வருகிறது என்று ஆராய்ந்தார்கள். சோளம் கொடுத்து வளர்த்த நாய்களுக்கும் நாக்கு கறுத்ததை 1965-இல் லான்செட் இதழில் பதிவு செய்தார்கள். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்ற அமினோ அமிலத்தை அவர்கள் சந்தேகித்தார்கள். நம் வீட்டுத் தட்டுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எந்த ஒரே தானியமும் தனியாக நின்று ஒரு நாயைக் காப்பாற்றாது.

மறுபக்கத் தவறும் நடக்கிறது. ‘குட்டி நன்றாக வளரட்டும்’ என்று வெறும் கறியாகக் கொடுத்தால் கால்சியம் கிடைக்காமல், உடம்பு எலும்பிலிருந்தே அதைப் பிடுங்கிக்கொள்ளும். குட்டி நொண்டும், எலும்பு முறியும். கிரேட் டேன் போன்ற பெரிய இனக் குட்டிக்குப் பயந்துபோய்க் கால்சியம் டானிக்கை ஊற்றினால் அதுவும் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும். நொண்டும் குட்டி விளையாடாது, தொட்டால் சீறும். வலியில் இருக்கும் பிராணிக்கு முரட்டுக் குட்டி என்று பெயர் வைத்துவிடுவோம்.

பசியும் பல்லும்

காவல் நாயைப் பட்டினி போட்டால்தான் ராத்திரி விழிப்பாக இருக்கும், பச்சைக் கறி கொடுத்தால் வெறி ஏறும் என்றெல்லாம் ஊர்ப்பக்கம் சொல்வார்கள். பச்சைக் கறியால் நாய் மூர்க்கமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சால்மொனெல்லா போன்ற கிருமிகள் அதில் வரும் என்பதுதான் உண்மையான ஆபத்து. நாய்க்கு மட்டுமல்ல, அதன் தட்டைக் கழுவுபவருக்கும். பட்டினியோ நேரடியாகக் குணத்தைத் தொடும். அடுத்த வேளை எப்போது என்று தெரியாத நாய், கிடைத்ததைக் காவல் காக்கும். அருகில் வரும் கை குழந்தையுடையதா என்று பார்க்காது. ‘யார் எஜமான் என்று காட்டுகிறேன்’ எனச் சாப்பிடும்போதே தட்டைப் பிடுங்குவது இந்தப் பயத்தை வளர்க்கும். நேரம் தவறாமல் வைத்து, தொந்தரவில்லாமல் தின்ன விடுவதே அதற்கு மருந்து.

ஓயாமல் சொறியும் நாயும் நிம்மதியாக இருக்காது, மற்றவரையும் இருக்கவிடாது. அரிப்புக்கு உண்ணி, தெள்ளுப்பூச்சிதான் முதல் சந்தேகம். அது இல்லையென்றால் உணவு ஒவ்வாமையைப் பார்க்கலாம். மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி ஆகியவற்றின் புரதமே அதிகம் மாட்டுகிறது. இதற்கு நம்பகமான சோதனை ஒன்றுதான்: மருத்துவர் வகுத்த உணவை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் கணக்கு கெட்டது.

சில நாய்கள் எவ்வளவு போட்டாலும் சமையலறை வாசலிலேயே தவம் கிடக்கும். லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தெரியும். கேம்பிரிட்ஜில் எலினார் ராஃபன் குழு 2016-இல் காரணத்தைச் சொன்னது. பசியை அடக்கும் செய்தியை உருவாக்கும் பிஓஎம்சி மரபணுவில் ஒரு துண்டு, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இல்லை. அவற்றுக்கு உணவின் மேல் ஆசை அதிகம், எடையும் சராசரியாக 2 கிலோ கூடுதல். ‘பேராசை பிடித்த நாய்’ என்று அதட்டுவதில் பயனில்லை; அலமாரிக்குத் தாழ்ப்பாள் போடுவதில் பயன் உண்டு.

உணவு மருந்தாகுமா?

மூளையை உணவால் திருப்ப முடியுமா என்பதில் ஆய்வுகள் அடக்கமாகவே பேசுகின்றன. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு 33 நாய்களிடம் புரத அளவையும், மூளையில் செரட்டோனினாக மாறும் டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலத்தையும் மாற்றிப் பார்த்தார்கள். தன் எல்லைக்குள் வந்தவர்மேல் பாயும் நாய்களில், புரதம் குறைத்து டிரிப்டோஃபன் சேர்த்தபோது மூர்க்கம் தணிந்தது. எல்லா வகை மூர்க்கத்துக்கும் அது வேலை செய்யவில்லை.

வலிப்பு நோயில் முடிவு இன்னும் தெளிவு. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியில் 21 வலிப்பு நாய்களுக்கு, மருந்தோடு சேர்த்து நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு கலந்த உணவைக் கொடுத்தார்கள். 2015-இல் வந்த முடிவுப்படி வலிப்பு குறைந்தது. பரபரப்பும் அச்சமும் கூடச் சற்றுத் தணிந்ததை அடுத்த கட்டுரை பதிவு செய்தது. அதற்காகத் தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாக ஊற்றிவிடாதீர்கள். ஆய்வில் கொடுத்தது அளந்து தயாரித்த உணவு.

வயதான பீகிள் நாய்களிடம் டொராண்டோவில் நடந்த நீண்ட ஆய்வு சொல்வது இன்னொன்று. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் நிறைந்த உணவு மட்டும் கொடுத்ததைவிட, அதோடு துணை நாயும் பொம்மையும் நடையும் கற்றல் பயிற்சியும் சேர்ந்தபோதே கிழட்டு மூளை நன்றாக வேலை செய்தது. தனிமையில் கட்டிக்கிடக்கும் நாய் ஓயாமல் குரைத்தால் அதற்கு எந்தப் பாக்கெட்டிலும் தீர்வு இல்லை. சங்கிலியை அவிழ்த்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும்.

அன்பின் எடை

நம் நகரத்து நாய்களுக்குக் குறைவைவிட மிகுதியே இப்போது பெரிய ஆபத்து. அமெரிக்காவில் பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்தது. ஓர் இணையில் ஒன்று தின்ற அளவில் கால்வாசி குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். உணவு ஒன்றே, அளவுதான் வேறு. 2002-இல் வெளியான முடிவு: நிறையத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானமும் பிந்தியே வந்தது. ஒரு பைசா கூடச் செலவில்லாமல் கிடைத்த கூடுதல் ஆயுள் அது.

5 கிலோ பொமரேனியனுக்கு நாள் முழுவதுக்கும் 350 கலோரி போதும். தின்பண்டம் இதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்களின் பொது விதி. ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. தாத்தா காபியோடு இரண்டு, பேத்தி பள்ளி விட்டு வந்ததும் இரண்டு, அப்பா இரவில் ஒன்று என்று போட்டால் வரம்பைப்போல் மூன்றரை மடங்காகிவிடுகிறது. குண்டான நாய் மூச்சிரைக்கும், மூட்டு வலிக்கும், மாடிப்படி ஏறாது. ‘வயசாயிடுச்சு, சோம்பேறி’ என்கிறோம்.

கொஞ்சுவதற்கு உணவுதான் வழி என்றும் இல்லை. கொல்கத்தா ஐசர் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாத மனிதரை நம்புவதற்கு உணவைவிடத் தலையில் தடவிக்கொடுத்ததே தெருநாய்களிடம் அதிகம் வேலை செய்தது.

பெட்டிச் செய்தி: தரவே கூடாதவை

சாக்லேட்: அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மெதுவாகவே வெளியேற்றும். வாந்தி, படபடப்பு, வலிப்பு. சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து.

திராட்சை, உலர் திராட்சை: சிறுநீரகம் செயலிழக்கலாம். பாயசத்தில் மிதப்பதும் இதில் சேர்த்தி.

வெங்காயம், பூண்டு: சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகை உண்டாக்கும். வதக்கினாலும் வேகவைத்தாலும் இந்தத் தன்மை போகாது. குழம்புச் சோறு ஏன் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

சைலிட்டால்: சர்க்கரை இல்லாத சூயிங்கம், சில மிட்டாய்களில் இருக்கும். ரத்தச் சர்க்கரையைச் சட்டெனச் சரித்துவிடும்.

வேகவைத்த எலும்பு: ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முடிந்ததும் போடும் கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

கொழுப்பு: நாய் வயிற்றில் நெய்ச்சோறு தங்குமா என்ற பழமொழியில் மருத்துவமும் இருக்கிறது. ஒரே வேளையில் அளவுக்கு மீறிய கொழுப்பு கணைய அழற்சியைக் கிளப்பிவிடக் கூடும்.

பாக்கெட்டா, வீட்டுச் சமையலா?

டீக்கடைப் பொறையைப் பிய்த்துத் தெருநாய்க்குப் போடுவது நம் வழக்கம். பாக்கெட் நாய் உணவின் பிறப்பும் அதே மாதிரிதான். 1860 வாக்கில் இங்கிலாந்து வந்த ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், துறைமுகத்தில் கப்பல் பிஸ்கட்டுக்கு நாய்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்து நாய் பிஸ்கட் வியாபாரத்தைத் தொடங்கினார் என்பார்கள். இன்று அது பெரும் தொழில். ‘முழுமையான, சமச்சீர் உணவு’ என்று பாக்கெட்டில் இருந்தால், அதில் குறித்த வயது நாய்க்குத் தேவையான சத்துகள் வகுத்துச் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும் என்று பொருள். வசதிதான், ஆனால், கண்ணை மூடி நம்பவும் முடியாது. 2007-இல் சீனாவிலிருந்து வந்த மெலமின் கலந்த கோதுமைப் புரதத்தால் அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. தானியமே இல்லாத உணவுதான் உயர்ந்தது என்ற விளம்பரம் உச்சத்தில் இருந்த 2018-இல், அந்த வகை உணவுக்கும் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. ஆரோக்கியமான நாயின் உணவிலிருந்து தானியத்தை நீக்க வேண்டிய அவசியமும் நிரூபிக்கப்படவில்லை.

வீட்டுச் சமையல் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு: கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டு நாய் உணவுக் குறிப்புகளைப் பரிசோதித்து 2013-இல் வெளியிட்டார்கள். 95 சதவீதக் குறிப்புகளில் ஏதாவது ஓர் அவசியச் சத்து குறைந்திருந்தது. சமைத்துப் போடலாம், தவறில்லை. கால்சியத்தையும் தாது உப்புகளையும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

தெருவில் போடும் சோறு

உணவும் குணமும் மோதும் இடம் தெரு. ஒரே இடத்தில் குவியும் சோற்றுக்கு நாய்கள் சண்டையிடும். அந்த வழியாகப் போகும் சைக்கிளும் குழந்தையும் நடுவில் மாட்டும். இதனால்தான் 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், மாடிப்படி, வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்குத் தள்ளி உணவிடும் இடம் குறிக்கச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்க உத்தரவிட்டது. சோறு போடுபவர் ஒரே நேரம், ஒரே இடம், நாய்க்கொரு தட்டு என்று வைத்தால் சண்டைக்குக் காரணம் குறையும். தினமும் வந்து தின்னும் நாயைப் பிடித்துத் தடுப்பூசி போடுவதும் கருத்தடைக்குக் கொண்டுபோவதும் சுலபம்.

இன்றே செய்யக்கூடியது

தராசும் கையும் இருந்தால் போதும். நாயின் விலாவைத் தடவிப் பாருங்கள். கையை விரித்துப் புறங்கையைத் தடவும்போது எலும்பு தட்டுப்படுகிற அளவுக்கு விலா தட்டுப்பட்டால் எடை சரி. அழுத்தித் தேடினால்தான் கிடைக்கும் என்றால் தட்டைக் குறையுங்கள். பார்வைக்கே துருத்திக்கொண்டிருந்தால் கூட்டுங்கள். வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்க்கு ஒரே வேளையில் மொத்தத்தையும் போடுவது வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்தைக் கூட்டும். உணவை மாற்றுவதானால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையதைக் குறைத்துப் புதியதைக் கலக்க வேண்டும்.

சாதுவான நாய் திடீரெனச் சிடுசிடுத்தால், துள்ளிய நாய் முடங்கினால், பயிற்சியாளரையோ ஜோசியரையோ தேடும் முன் ஒரு வாரத்துக்கு அது தின்றதையெல்லாம் தாளில் எழுதுங்கள். வீட்டார் ஒளித்துப்போட்ட பிஸ்கட் உட்பட. அந்தத் தாளோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். நோயா, வலியா, சாப்பாடா என்று அவர் பிரித்துச் சொல்வார். சாப்பாடுதான் என்று தெரிந்தால் அதிர்ஷ்டம். நாயின் பரம்பரையையோ வயதையோ நம்மால் மாற்ற முடியாது, அடுத்த வேளைத் தட்டை மாற்ற முடியும்.